அளவுக் கோடு

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாலை ஐந்துக்கு அடுப்பைப் பற்றவைப்பேன்.
சோயா சாஸ் குறைந்தால் எனக்குத் தெரியும்.
சில்லி சாஸில் எவனாவது தண்ணீர் கலந்தால்
வாணலி சொல்லிவிடும்.
வினிகர் மட்டும்
யாரும் கண்வைக்காத சரக்கு.
மிளகாய் ஊறுகிற கிண்ணத்தின் பின்னால்
தண்ணீர் மாதிரி சும்மா நிற்கும்.

தை மாதம் அது குறைய ஆரம்பித்தது.

முதலில் ஆவியாகிறது என்று நினைத்தேன்.
மூடியை மாற்றினேன்.
பிறகு சென்றாயனைப் பார்க்கத் தொடங்கினேன்.
மாரண்டஹள்ளியிலிருந்து வருகிறவன்,
கோஸ் நறுக்கும்போது ஏதாவது முணுமுணுப்பான்.
லேபிளில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தேன்.
புதன்கிழமை
கோட்டுக்கு மூன்று விரல் கீழே கிடந்தது வினிகர்.

"குடிக்கிறியாடா?" என்றேன், எல்லார் முன்னாலும்.
பார்சலுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.
கோஸைப் பார்த்துக்கொண்டே
"இல்லண்ணா" என்றான்.
அதோடு முணுமுணுப்பும் நின்றது.

ஞாயிறு காலை தக்காளி மண்டிக்குக் கிளம்பி
பணத்தை மறந்து பாதியில் திரும்பினேன்.
வாசலிலேயே என் கடை மணத்தது.
குளியலறையில் மாதேஸ்வரி
முடியெல்லாம் முன்னால் தள்ளிக் குனிந்து
மக்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"கண்ணு எரியுது, அப்பறம் கேளு."

எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க மட்டும்,
அதுவும் ஆறு குடம்.
குளிக்க போர்த் தண்ணீர்.
எண்ணூறு அடி ஆழத்தில் பாறையை நக்கிவிட்டு வருவது.
முதலில் எங்கள் பல்லில் காவி எழுதியது.
பக்கெட்டில் வெள்ளை வளையம் போட்டது.
ஹீட்டர் கம்பிக்குச் சுண்ணாம்புச் சட்டை மாட்டியது.
பிறகுதான் அவள் தலைக்கு ஏறியது.
எந்த ஷாம்பூவும் நுரைக்காது,
சீப்பு இறங்காது,
வாரினால் தேங்காய் நாரைப் பிரிக்கிற சத்தம்.

அவள் டாக்டரிடம் போகவில்லை.
ஹீட்டரிடம் கேட்டாள்.
ஒரு கரண்டி வினிகரைக் கம்பிமேல் விட்டிருக்கிறாள்.
சுர்ரென்று பொங்கி
சுண்ணாம்பு தோல் தோலாய் உரிந்திருக்கிறது.
"கம்பிய வுட்டது முடிய வுடாதா?"

முதல் தடவை அப்படியே ஊற்றி
பூரான் கடித்தவள்போல் குதித்தாளாம்.
இப்போது கணக்கு பிடிபட்டுவிட்டது:
ஒரு மக் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன்.
நூறு எண்ணும்வரை பொறுக்க வேண்டும்.
கடைசியில் குடிதண்ணீர் ஒரு சொம்பு,
அந்த ஒரு சொம்புதான் எங்கள் வீட்டு ஆடம்பரம்.

"கொட்றது நின்னுச்சா?"
"கொட்டத்தான் செய்யுது. ஆனா சீப்பு போவுது."

மாடியில் காயவைத்தாள்.
காயக் காய என் கடை அவளை விட்டுப் போனது.
தொட்டுப் பார் என்று ஒரு பிடி முடியைக் கையில் வைத்தாள்.
பன்னிரண்டு வருடம்
கடை மூடிவந்து இருட்டில் தொட்டிருக்கிறேன்,
பூண்டும் எண்ணெயும் போகாத கையால்.
வெயிலில் இப்போதுதான் பார்க்கிறேன்.
நுனியெல்லாம் செம்பட்டை,
காதோரம் நான்கைந்து நரை.
எப்போது வந்தன?
கேட்கவில்லை.
பாட்டிலைப் பற்றித்தான் கேட்டேன்.

"சென்றாயன்தான்.
முட்டை எடுக்க வர்றப்ப
இருமல் மருந்து பாட்டில்ல ஊத்தியாருவான்.
சொல்லாதேன்னு நாந்தான் சொன்னேன்,
சரக்குல கை வெச்சா நீ கத்துவியே."

அன்று சாயங்காலம்
அடுப்பு பற்றவைத்தேன், அணைத்தேன்,
மறுபடி பற்றவைத்தேன்.
மன்னிப்புக்கான சொல் என் வாய்க்குப் பழக்கமில்லை.
அவன் நூடுல்ஸில் இரண்டு முட்டை கூடுதலாய் உடைத்தேன்.
சாப்பிட்டான். தட்டைக் கழுவினான்.
என் பையிலிருந்து பேனாவை உருவி
லேபிளில் என் கோட்டுக்குக் கீழே
மூன்று விரல் விட்டு
இன்னொரு கோடு போட்டான்.

"இதுவரைக்கும் அக்காவுது."

கோஸை எடுத்து நறுக்கத் தொடங்கினான்.
கத்திச் சத்தம் மட்டும்.
முணுமுணுப்பு
இன்னும் வரவில்லை.